ஆயிரத்து ஐந்நூறு கணக்குகளும் ஒரு கப்பியும்

பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "இதுவரைக்கும் எத்தனை கணக்கு போட்டிருக்கே?" பயிற்சி மையங்களின் விளம்பரத் தட்டிகளும் இதே எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. இத்தனை ஆயிரம் வினாக்கள், இத்தனை மாதிரித் தேர்வுகள். மேசைமேல் அடுக்கிய மெட்டீரியலின் உயரமே உழைப்புக்கு அளவுகோல் ஆகிவிட்டது. பாவம், பிள்ளைகளும் அதை நம்பிவிடுகிறார்கள்.

கணக்கின் எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் என்னதான் உறவு என்று தென்கொரியாவில் யுன்சுக் கிம், சங்-ஜே பாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வு அந்த நாட்டில் படுத்துகிற பாடு நம்மூருக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. கல்லூரியில் சேர்ந்துவிட்ட 27 மாணவர்களிடம், 'இதுவரை எத்தனை இயற்பியல் கணக்குகள் போட்டிருப்பீர்கள்?' என்று கேட்டார்கள். குறைந்தபட்சம் 300 என்றார் ஒருவர். அதிகபட்சம் 2,900. சராசரி ஏறத்தாழ 1,500. பிறகு அதே மாணவர்களின் இயக்கவியல் அறிவை, சூத்திரத்துக்கு வேலை இல்லாத அடிப்படைக் கேள்விகளால் சோதித்தார்கள். சூத்திரத்தைக் கையாள்வதிலோ கணிதத்திலோ அவர்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. ஆனால் ஒரு கணக்கும் போடாதவர்களுக்கு இருக்கக்கூடிய பழைய குழப்பங்கள் பலவும் அப்படியே இருந்தன. போட்ட கணக்கின் எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் இடையே சொல்லும்படியான தொடர்பே தெரியவில்லை. அமெரிக்க இயற்பியல் இதழ் ஒன்றில் 2002இல் வெளிவந்த ஆய்வு இது. 27 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் பாடம் எடுக்கும் எவரும் இதைப் படித்து ஆச்சரியப்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

என்ன மாதிரிக் குழப்பம்? நம் வகுப்பறையிலேயே பார்க்கலாம். நேராக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று கேளுங்கள். எவ்வளவு உயரம் போகும், எத்தனை விநாடியில் திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்கிடும் பிள்ளைகளில் பலர் 'பூச்சியம்' என்பார்கள். வேகம் பூச்சியம் என்பது சரி. முடுக்கமும் பூச்சியம் என்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் உச்சியிலும் அதே 9.8 மீ/வி² தான், கீழ் நோக்கி. விசித்திரம் என்னவென்றால், அந்தப் பிள்ளை போட்ட ஒவ்வொரு கணக்கிலும் இதே 9.8ஐத்தான் மாறாத எண்ணாகப் பயன்படுத்தியிருக்கிறது. கை அறிந்தது மனசுக்குப் போகவில்லை.

அதற்காகக் கணக்கே போட வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கணக்குப் போடாமல் இயற்பியலும் வேதியியலும் யாருக்கும் வந்ததில்லை. கணக்கில் எந்தப் பகுதி நமக்குக் கற்றுத்தருகிறது என்பதுதான் விஷயம். பேனா தாளைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் இருக்கிறது. விடை வந்த பின்னால் ஒரு நிமிடம் இருக்கிறது. நடுவில் இருப்பது இயற்கணிதம். நாம் பயிற்சி என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த நடுப்பகுதிக்குத்தான் நடக்கிறது. முன்நிமிடத்தையும் பின்நிமிடத்தையும் 'டைம் இல்லை' என்று தள்ளிவிடுகிறோம்.

முன்நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவில் மிஷலின் சீ, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் மூவரும் 1981இல் அழகாகக் காட்டினார்கள். ஹாலிடே, ரெஸ்னிக் எழுதிய இயற்பியல் பாடநூலிலிருந்து 24 கணக்குகளை எடுத்துத் தனித்தனி அட்டைகளில் எழுதினார்கள். இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் 8 பேர், இயக்கவியலை ஒரு பருவம் மட்டும் படித்த இளநிலை மாணவர்கள் 8 பேர். கணக்குகளைப் போட வேண்டாம், ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து அடுக்குங்கள் என்றார்கள். புதியவர்கள் சாய்தளக் கணக்குகளை ஒரு கட்டாகவும், சுருள்வில் கணக்குகளை ஒரு கட்டாகவும், கப்பிக் கணக்குகளை இன்னொரு கட்டாகவும் அடுக்கினார்கள். தேர்ந்தவர்களின் கட்டுகள் வேறு மாதிரி இருந்தன. ஆற்றல் அழிவின்மை விதியால் தீர்வது ஒரு பக்கம், நியூட்டனின் இரண்டாம் விதியால் தீர்வது ஒரு பக்கம். சாய்தளமும் சுருள்வில்லும் ஒரே கட்டில் கிடந்தன. ஒருவர் படத்தைப் பார்க்கிறார், மற்றவர் படத்துக்குப் பின்னால் இருக்கும் விதியைப் பார்க்கிறார். தேர்வு அறையில் 'இந்த மாடலை நான் பார்த்ததே இல்லை' என்று ஒரு பிள்ளை திகைக்கிறதென்றால், அநேகமாகப் படம்தான் புதிது. விதி பழையதுதான்.

பின்நிமிடத்துக்கு வருவோம். அதற்கு ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

கப்பியின் மேல் ஒரு கயிறு. ஒரு முனையில் 3 கிலோ கட்டி, மறுமுனையில் 1 கிலோ கட்டி. கயிற்றுக்கு எடை கிடையாது, அது நீளவும் நீளாது. கப்பிக்கு எடையும் இல்லை, உராய்வும் இல்லை. ஈர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று வைத்துக்கொள்க. கட்டிகளின் முடுக்கம் என்ன, கயிற்றின் இழுவிசை என்ன?

பதினோராம் வகுப்பைத் தாண்டிய அறிவியல் மாணவர் எவரும் இதைப் போட்டிருப்பார். 3 கிலோ இறங்கும், 1 கிலோ ஏறும். இரண்டுக்கும் தனித்தனியே விசைப் படம் வரைந்தால், பெரிய கட்டிக்கு 30 − இழுவிசை = 3 × முடுக்கம். சிறிய கட்டிக்கு இழுவிசை − 10 = 1 × முடுக்கம். இரண்டையும் கூட்டினால் இழுவிசை அடிபட்டு, 20 = 4 × முடுக்கம் என்று நிற்கும். முடுக்கம் 5 மீ/வி², இழுவிசை 15 நியூட்டன். ஒன்றரை நிமிட வேலை. விடையைக் குறித்துவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவிவிடுவோம். இந்தக் கணக்கு நமக்குச் சொல்ல வந்ததை இனிமேல்தான் சொல்லப்போகிறது.

கப்பியை உத்தரத்தில் ஒரு கொக்கியில் மாட்டியிருக்கிறோம். கட்டிகள் நகர்ந்துகொண்டிருக்கும்போது கொக்கி தாங்கும் பாரம் எவ்வளவு? மொத்தம் 4 கிலோ தொங்குகிறது, ஆகவே 40 நியூட்டன் என்றுதான் வாய் முந்திக்கொள்ளும். ஆனால் கப்பியைக் கீழே இழுப்பது கயிற்றின் இரண்டு பக்கங்கள், பக்கத்துக்கு 15. மொத்தம் 30 நியூட்டன்தான். மீதி 10 நியூட்டன் எங்கே போனது?

எங்கும் போகவில்லை. 3 கிலோ 5 மீ/வி² முடுக்கத்தில் இறங்குகிறது, 1 கிலோ அதே முடுக்கத்தில் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்த தொகுதியின் நிறை மையம் (15 − 5) ÷ 4, அதாவது 2.5 மீ/வி² முடுக்கத்தில் கீழே இறங்குகிறது. 4 கிலோவை 2.5 முடுக்கத்தில் கீழே கொண்டுபோக 10 நியூட்டன் நிகர விசை வேண்டும். 40இல் 10 போக மீதி 30தான் கொக்கிக்கு. இரண்டு வேறு வழிகளில் போய் ஒரே எண்ணில் வந்து முட்டுகிறோம். இப்படி முட்டும்போது கிடைக்கும் நிச்சயம், புத்தகத்தின் பின்பக்க விடையைப் புரட்டிப் பார்ப்பதால் கிடைக்காது.

இன்னும் கொஞ்சம் கிளறலாம். விடுவதற்கு முன் 3 கிலோ கட்டியைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தோம் அல்லவா, அப்போது கொக்கியின் பாரம் என்ன? 1 கிலோ அசையாமல் தொங்குகிறது, எனவே இழுவிசை 10, கொக்கிக்கு 20. மீதி 20 நம் கையில். கையை எடுத்ததும் கொக்கியின் பாரம் 20லிருந்து 30க்கு ஏறுகிறது. 40க்கு ஏறுவதில்லை. கயிற்றைக் கப்பியோடு இறுக்கிக் கட்டி நகரவிடாமல் செய்தால் மட்டுமே 40.

எண்களைக் கழற்றிவிட்டுப் பொதுவாக எழுதினால், முடுக்கம் = (பெரிய நிறை − சிறிய நிறை) × ஈர்ப்பு முடுக்கம் ÷ (இரண்டின் கூட்டுத்தொகை). இதைக் குறுக்கு விசாரணை செய்து பாருங்கள். இரண்டு நிறையும் சமம் என்றால்? மேலே பூச்சியம், முடுக்கமும் பூச்சியம். தராசு மாதிரி நிற்கும், சரிதான். சிறிய நிறையே இல்லை என்றால்? முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்துக்குச் சமம். கட்டி தானாக விழுகிறது, அதுவும் சரி. இழுவிசையின் சூத்திரம் இதைவிடச் சுவையானது: 2 × நிறைகளின் பெருக்குத்தொகை × ஈர்ப்பு முடுக்கம் ÷ கூட்டுத்தொகை. பெரிய நிறையை ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒரு கட்டத்துக்குமேல் பெரிய நிறை மேலும் கீழும் அடிபட்டு, 2 × சிறிய நிறை × ஈர்ப்பு முடுக்கம் என்று முடியும். நம் கணக்கில் 20 நியூட்டன். மறுமுனையில் யானையையே கட்டினாலும் 1 கிலோ கட்டியைத் தூக்கும் கயிற்றின் இழுவிசை 20 நியூட்டனைத் தாண்டாது. யானையால் ஈர்ப்பு முடுக்கத்தைவிட வேகமாக விழ முடியாதே!

இதெல்லாம் ரசிகனுக்கு, தேர்வு எழுதுபவனுக்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். தேர்வு எழுதுபவனுக்குத்தான் இது அதிகம் தேவை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தாளில், சூத்திரங்களாகக் கொடுத்த நான்கில் இரண்டையாவது இந்த மாதிரி எல்லை நிலைச் சோதனையால் பத்து விநாடியில் தள்ளிவிடலாம். நிறைகள் சமமானால் பூச்சியம் ஆகாத விடை முடுக்கமாக இருக்க முடியாது. விசையின் பரிமாணம் வராத விடை இழுவிசையாக இருக்க முடியாது. ஷார்ட்கட் என்று விற்பவை பெரும்பாலும் ஒரே ஒரு வகைக் கணக்குக்கு மட்டும் செல்லும். இந்தச் சோதனை எந்தக் கணக்குக்கும் செல்லும்.

கப்பிக்கு எடை இல்லை என்று சொன்னோமே, அதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். 2 கிலோ எடையுள்ள வட்டத் தகடுதான் கப்பி, கயிறு அதன்மேல் வழுக்காமல் ஓடுகிறது. இப்போது கப்பியையும் சுழற்றியாக வேண்டும். தகட்டுக்கு அதன் நிறையில் பாதி, 1 கிலோ, சூத்திரத்தின் கீழே இருக்கும் கூட்டுத்தொகையில் சேர்ந்துகொள்ளும். முடுக்கம் 20 ÷ 5, அதாவது 4 மீ/வி². பெரிய கட்டியின் பக்கம் இழுவிசை 3 × (10 − 4) = 18. சிறிய கட்டியின் பக்கம் 1 × (10 + 4) = 14. ஒரே கயிறு, இரண்டு பக்கமும் இரண்டு இழுவிசை. அந்த 4 நியூட்டன் வித்தியாசம்தான் கப்பியைச் சுற்றுகிறது. 'ஒரே கயிற்றில் இழுவிசை எங்கும் சமம்' என்று விதி மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தோமே, அது விதி இல்லை, எடையற்ற கப்பி என்ற அனுமானத்தின் விளைவு என்பது இங்கேதான் உறைக்கும். கணக்கின் முதல் வரியில் 'எடையற்ற, உராய்வற்ற' என்று வருவதை மந்திரம் மாதிரி வாசித்துவிட்டுப் போகக் கூடாது என்பது இதனால்தான்.

இந்தக் கணக்கு யாரோ வாத்தியார் மாணவரை மடக்குவதற்காகக் கற்பனை செய்தது அல்ல. கேம்பிரிட்ஜில் இருந்த ஜார்ஜ் அட்வுட் நிஜமாகவே செய்து வைத்த கருவி இது. 1784இல் வெளியிட்ட நூலில் அதை விவரித்தார். தானாக விழும் பொருள் மிக வேகமாக விழுகிறது. 2 மீட்டர் விழ 0.64 விநாடிதான். அன்றைய கடிகாரத்தில் அதை எப்படி அளப்பது? ஏறத்தாழச் சமமான இரண்டு எடைகளைக் கப்பியில் தொங்கவிட்டால் வித்தியாசம் மட்டுமே இழுக்கும், மொத்த நிறையும் நகர வேண்டியிருக்கும். 500 கிராமும் 510 கிராமும் தொங்கவிட்டால் முடுக்கம் சுமார் 0.097 மீ/வி² ஆகிவிடும். அதே 2 மீட்டருக்கு 6.4 விநாடி. பத்து மடங்கு நேரம் கிடைக்கிறது. நியூட்டனின் விதியைக் கண்ணெதிரே மெதுவாக ஓடவிட்டு அளந்து காட்டுவதற்காகச் செய்த கருவி, இன்று நான்கு விடைகளுக்கு நடுவே ஒரு வினாவாகச் சுருங்கி நிற்கிறது.

வேதியியலிலும் இதே கதைதான். 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலின் பிஹெச் என்ன? பழைய கேள்வி, பல பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையை எடுத்துக் குறியை மாற்று என்பது சூத்திரம். போட்டால் 8 வருகிறது. 8 என்றால் காரம். அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது சோப்புத் தண்ணீர் மாதிரி காரமாகிவிடுமா? விடையை ஒரு தடவை முகத்துக்கு முகம் பார்த்தால் போதும், தப்பு என்று தெரிந்துவிடும். பார்க்காதவர்கள் 8ஐக் குறித்துவிடுவார்கள். வினாத்தாள் தயாரிப்பவருக்கும் இது தெரியும், 8 என்பதை ஒரு விடையாக அவர் நிச்சயம் வைத்திருப்பார்.

நாம் மறந்தது தண்ணீரை. 25 டிகிரி செல்சியஸில் சுத்தமான தண்ணீரே தன் பங்குக்கு 10⁻⁷ அளவு ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கிறது. அமிலம் 10⁻³ என்று இருக்கும்போது அந்தப் பங்கு கடலில் கரைத்த பெருங்காயம். அமிலமே 10⁻⁸க்கு இறங்கிவிட்டால் தண்ணீர்தான் பெரிய ஆள். இரண்டையும் அப்படியே கூட்டிவிடவும் முடியாது, அமிலம் வந்ததும் தண்ணீர் தன் பங்கைச் சற்றே குறைத்துக்கொள்ளும். சமநிலையைச் சரியாக எழுதி இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் தண்ணீரின் பங்கு 0.95 × 10⁻⁷, மொத்தம் 1.05 × 10⁻⁷, பிஹெச் 6.98. ஏழுக்கு ஒரு மயிரிழை கீழே, அமிலப் பக்கம்தான். மடக்கைச் சூத்திரத்தில் பிழை ஒன்றும் இல்லை. அமிலத்தின் செறிவையே மொத்தச் செறிவு என்று எடுத்துக்கொண்டோமே, அது 10⁻⁷க்கு வெகு மேலே இருக்கும்வரை மட்டும் செல்லுபடியாகும் தோராயம்.

சரி, அமிலம் மிகச் சரியாக 10⁻⁷ மோலார் என்றால்? அதையும் போட்டுப் பாருங்கள். மொத்தச் செறிவு 1.618 × 10⁻⁷ என்று வரும், பிஹெச் 6.79. அந்த 1.618 கணிதக்காரர்கள் கொண்டாடும் பொன் விகிதமேதான். இதனால் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் கூடப் போவதில்லை. ஆனால் ஒரு பிஹெச் கணக்குக்குள் இப்படி ஒருவர் ஒளிந்திருப்பார் என்று யார் எதிர்பார்த்தது!

வேதியியல் கணக்குப் போடத் தெரிவதும் வேதியியல் தெரிவதும் ஒன்றுதானா என்று 1987இல் சூசன் நரன்பர்ன், மைல்ஸ் பிக்கரிங் இருவரும் அமெரிக்காவில் சோதித்தார்கள். வாயு விதிக் கணக்கை மாணவர்கள் போட்டுவிட்டார்கள். அதே விதியைப் படமாகக் கேட்டபோது தடுமாறினார்கள். அந்தப் படக் கேள்வி இது: ஓர் எஃகுக் கலனில் 20 டிகிரி செல்சியஸில் 3 வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயு இருக்கிறது, மூலக்கூறுகள் புள்ளிகளாகக் கலன் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. வெப்பநிலையை −20 டிகிரிக்குக் குறைத்தால் புள்ளிகள் எப்படி இருக்கும்? அழுத்தம் 3 × 253 ÷ 293, அதாவது சுமார் 2.6 வளிமண்டலம் என்று கணக்கிடுவது சுலபம். புள்ளிகளை வரையச் சொன்னால் கலனின் அடியில் குவிப்பவர்களும் நடுவில் சுருக்குபவர்களும் நிறைய. ஹைட்ரஜன் திரவமாக −253 டிகிரி வரை இறங்க வேண்டும். −20இல் அது வாயுதான், கலன் முழுவதும் முன்பு போலவே பரவித்தான் இருக்கும், மூலக்கூறுகள் கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். வேதியியல் கணக்கு எதைப் போட்டாலும் ஓரத்தில் நாலு புள்ளி வைத்து ஒரு படம் போடுகிற பழக்கம் நல்லது. கனிம வேதியியலின் பெரும்பகுதிக்கு மட்டும் இந்த உபதேசம் செல்லாது. அங்கே மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

பயிற்சியின் வரிசையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களுக்கு நான்கு விதமான அபூர்வக் கன உருவங்களின் கன அளவு காணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வகையையும் மொத்தமாக முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனது. இன்னொரு குழுவுக்கு நான்கையும் கலந்து கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். வகைவாரிக் குழு 20 சதவீதத்துக்குச் சரிந்தது. கலந்து போட்டவர்கள் 63.

காரணம் வெளிப்படை. 'உந்த அழிவின்மை' என்று தலைப்புப் போட்ட பாடத்தின் பின்னால் இருக்கும் ஐம்பது கணக்கையும் உந்த அழிவின்மையால்தான் போட வேண்டும் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. எந்த விதி என்று யோசிக்கும் முன்நிமிடத்தைப் புத்தகமே நமக்காக எடுத்துக்கொள்கிறது. தேர்வுத்தாளில் தலைப்பு இருக்காது. எனவே ஒரு பாடத்தை முதல்முறை படிக்கும்போது வகைவாரியாகப் போட்டுக் கை பழகிக்கொள்ளலாம், பிறகு வாரம் ஒருமுறையாவது நாலைந்து பாடங்களைக் கலைத்துப் போட வேண்டும். கலந்து போடும்போது மதிப்பெண் குறையும், மனசு சோரும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடக் கூடாது.

தீர்வைப் பார்க்கலாமா, கூடாதா? இதில் நம்மவர்கள் இரண்டு கட்சி. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தை வைத்துக் காட்டியபடி, ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத் தீர்த்துக் காட்டிய கணக்கை ஊன்றிப் படிப்பது, தானாக முட்டி மோதுவதைவிடப் பலன் தரும். ஆகவே புதிய பாடத்தில் முதல் சில கணக்குகளின் தீர்வைப் படிப்பது குற்றமல்ல. அதற்கப்புறமும் படித்துக்கொண்டே இருப்பதுதான் கோளாறு. தீர்வு வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, வரிக்கு வரி தலையாட்டி, 'புரிஞ்சிடுச்சு' என்று அடுத்ததற்குப் போகிறவர்களை நிறையப் பார்க்கலாம். புரிந்ததா என்று அறிய ஒரே வழி, வீடியோவை மூடிவிட்டு மறுநாள் அதே கணக்கை வெள்ளைத்தாளில் போடுவது.

புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரோடோவ் என்ற பெயரைக் கேட்டாலே பிள்ளைகளுக்கு ஒரு பயபக்தி. மாஸ்கோ பொறியியல் இயற்பியல் கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர் சோவியத் நாட்டின் உயர்கல்வி மாணவர்களுக்காகத் தொகுத்த, ஏறத்தாழ 1,900 கணக்குகள் கொண்ட நூல் அது. மீர் பதிப்பகம் வெளியிட்டது. பிளஸ் டூ மாணவருக்காக எழுதப்பட்டதே அல்ல. ஆசைக்கு நாலு கணக்குப் பார்க்கலாம், முழுதையும் முடித்துத்தான் ஆக வேண்டும் என்ற வைராக்கியம் தேவையில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த எச்.சி. வர்மாவின் 1992ஆம் ஆண்டுப் புத்தகம் நம் பிள்ளைகளுக்குப் பொருத்தமானது. அதில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் எண் கணக்குகளுக்கு முன்னால் குறுவினாக்கள் என்று ஒரு பகுதி இருக்கும். எண்ணே இல்லாத கேள்விகள். பெரும்பாலோர் அதைத் தாண்டிக்கொண்டு நேரே கணக்குக்குப் போய்விடுவார்கள். என் கணக்கில் அந்தப் புத்தகத்தின் உயிரே அந்தப் பகுதிதான்.

இனி தேர்வைப் பற்றி. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்ற காரணத்தால் அது நீக்கப்பட்டு, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்தான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்கு கட் ஆஃப். ஆனால் ஐ.ஐ.டி.க்கும் திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. எழுதியே ஆக வேண்டும். 2021 முதல் அதன் முதன்மைத் தேர்வை (மெயின்) தமிழிலும் எழுதலாம். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பதால், தமிழில் எழுதுபவர்களும் ஆங்கிலக் கலைச்சொற்களை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

அந்தத் தேர்வில் 180 நிமிடத்தில் 75 வினா, ஒன்றுக்கு 144 விநாடி. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரி லாபம் கால் மதிப்பெண்தான், அதுவும் அதிர்ஷ்டத்தின் கையில். இரண்டு விடைகளைக் காரணத்தோடு தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரி லாபம் ஒன்றரை மதிப்பெண். முன்பு பார்த்த எல்லை நிலைச் சோதனையின் சந்தை மதிப்பு இதுதான்.

கடைசியாக ஒரு கணக்கு, வாசகருக்கு. 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 100 வோல்ட்டுக்கு மின்னேற்றம் செய்து, மின்னேற்றம் இல்லாத அதே அளவு இன்னொரு மின்தேக்கியோடு இணைக்கிறோம். மின்னூட்டம் சமமாகப் பிரிந்து இரண்டும் 50 வோல்ட்டில் நிற்கும். முதலில் இருந்த ஆற்றல் 0.05 ஜூல், இப்போது இரண்டிலும் சேர்த்து 0.025 ஜூல். பாதியைக் காணோம். கம்பி சூடானதில் போய்விட்டது என்பீர்கள், சரி. கம்பியின் மின்தடை 1 ஓம் ஆனாலும் 1,000 ஓம் ஆனாலும் மிகச் சரியாக அதே பாதிதான் போகிறது, ஏன்? மின்தடையே இல்லாத கம்பி என்றால் அந்த ஆற்றல் எங்கே போகும்? விடையை நான் இங்கே எழுதப்போவதில்லை. நீங்களும் உடனே தேடப்போகாமல், ஒரு வெள்ளைத்தாளோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.